கடைத்தேங்காய் சமரசங்கள்

அமெரிக்க அரசியலைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு கதை உண்டு. அந்தக் காலத்துல செனட்டர்கள் பகலெல்லாம் சபையில் கத்திக்கொள்வார்கள், சாயங்காலம் ஆனால் ஒன்றாக உட்கார்ந்து விஸ்கி குடிப்பார்கள், ராத்திரிக்குள் மசோதா முடிந்துவிடும், இப்போதுதான் எல்லாம் கெட்டுப்போச்சு, என்கிற கதை. 2019 ஜூனில் ஜோ பைடன் ஒரு நிதி திரட்டும் கூட்டத்தில் இதையே சொன்னார். உதாரணத்துக்கு அவர் எடுத்த பெயர்கள்தான் வினையாகிப்போனது: மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், ஜார்ஜியாவின் ஹெர்மன் டால்மட்ஜ். இருவரும் நிறவெறிப் பிரிவினையைத் தூக்கிப்பிடித்தவர்கள். பெரும்பாலான விஷயங்களில் ஒத்துப்போகவில்லை, ஆனாலும் வேலை நடந்தது என்றார் பைடன். கோரி புக்கர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். சில நாட்களில் நடந்த விவாத மேடையில் கமலா ஹாரிஸ் இதை வைத்தே அவரை மடக்கினார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் அதே ஹாரிஸைத் துணை அதிபர் வேட்பாளராகப் பைடன் அறிவித்தார் என்பது தனிக்கதை.

எதிர்முகாம் ஆளோடு உட்கார்ந்து பேசலாமா கூடாதா என்ற கேள்வியில் எனக்குப் பெரிய சுவாரசியம் இல்லை. பேசாமல் எந்தச் சட்டமும் வராது. அந்தப் பேச்சுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. நம்ம ஊரில் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை என்பார்கள். அமெரிக்கச் சமரச வரலாற்றைப் படிக்கும்போது, உடைகிற தேங்காய் யாருடையது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. 1877இல் ரூதர்ஃபோர்ட் ஹேஸ் அதிபரானார், தெற்கிலிருந்து மத்திய அரசின் படைகள் விலகின, இரு கட்சியும் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. அந்தத் தேங்காய் தெற்கத்திய கறுப்பின மக்களுடையது. அவர்களை யாரும் மேஜைக்குக் கூப்பிடவில்லை.

இந்தக் கண்ணோடு ராபர்ட் காரோவின் 'மாஸ்டர் ஆஃப் த செனட்' நூலை மறுபடி வாசித்தேன். லிண்டன் ஜான்சன் வாழ்க்கை வரலாற்றின் மூன்றாம் தொகுதி, 2002இல் வந்தது, அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு. ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஓடும் இந்தப் புத்தகத்தின் உச்சகட்டம் 1957ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம். சமரசம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய புத்தகத்தை நான் வாசித்ததில்லை. அதே சமயம் அதன் மேல் எனக்கு ஒரு வலுவான புகார் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். 1875க்குப் பிறகு 82 ஆண்டுகள் ஒரு சிவில் உரிமைச் சட்டம்கூட நிறைவேறவில்லை. 1957இல் ஐசனோவர் அரசு கொண்டுவந்த மசோதாவில் நான்கு பகுதிகள். முதல் இரண்டு பகுதிகள் ஒரு சிவில் உரிமை ஆணையத்தையும், நீதித்துறைக்குள் தனிப் பிரிவு ஒன்றையும் உண்டாக்குவது பற்றியவை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் பகுதிதான் பல்லுள்ளது: பள்ளிக்கூடம் உட்பட எந்த சிவில் உரிமை மறுக்கப்பட்டாலும் அரசுத் தலைமை வழக்கறிஞரே நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கலாம். நான்காவது வாக்குரிமை.

தெற்கத்திய செனட்டர்களின் தளபதி ரிச்சர்ட் ரஸ்ஸல். மசோதாவை முடிவில்லாத பேச்சால் சாகடிக்கும் பிலிபஸ்டர் என்ற ஆயுதம் அவர் கையில். ஜான்சன் டெக்சாஸ்காரர், ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர், 1960இல் அதிபராக ஆசை. சிவில் உரிமையின் எதிரி என்ற பெயரோடு வடக்கில் ஓட்டு வாங்க முடியாது. ரஸ்ஸலைப் பகைத்துக்கொண்டு செனட்டில் இருக்கவும் முடியாது. ஆக, ரஸ்ஸல் பிலிபஸ்டர் செய்யாத அளவுக்குப் பலவீனமான, ஆனால் சட்டம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு உருவமுள்ள ஒரு பொருள் அவருக்குத் தேவைப்பட்டது.

அதை அவர் எப்படிச் செய்தார் என்று காரோ விவரிக்கும் பக்கங்கள் துப்பறியும் கதை மாதிரி ஓடும். மேற்கத்திய மாநில செனட்டர்களுக்கு ஸ்னேக் ஆற்றில் ஹெல்ஸ் கேன்யன் என்ற இடத்தில் அரசாங்க அணை வேண்டும். அவர்களுக்குச் சிவில் உரிமை ஒரு தலைபோகிற விஷயம் இல்லை. தெற்கத்தியர்களுக்கு அணை ஒரு பொருட்டு இல்லை. ஜூன் 20ஆம் தேதி மசோதாவை ஈஸ்ட்லண்டின் நீதிக்குழுவுக்கு அனுப்பாமல் நேராகச் சபைக்கு எடுக்கும் வாக்கெடுப்பில், மேற்கத்திய ஜனநாயகக் கட்சியினர் சிலர் தெற்கோடு நின்றார்கள். அந்த வாக்கெடுப்பில் தெற்கு தோற்றது, 45க்கு 39. ஆனால் கடன் கடன்தானே. மறுநாளே அணை மசோதா 45க்கு 38 என்று செனட்டில் தேறியது. முன்பு எதிர்த்துவந்த ரஸ்ஸல் உட்படச் சில தெற்கத்தியர்கள் இப்போது ஆதரித்தார்கள். கணக்குத் தொடங்கிவிட்டது. பிறகு ஜூலை 24இல் மூன்றாம் பகுதி 52க்கு 38 என்று வெட்டி எறியப்பட்டது. வெட்டும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி. கட்சி கடந்த ஒற்றுமைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அடுத்து ஜூரித் திருத்தம். கேட்க ஜனநாயகபூர்வமாக இருக்கும். வாக்குரிமையைத் தடுத்த அதிகாரி நீதிமன்ற உத்தரவை மீறினால் அவரை ஜூரி வைத்து விசாரிக்க வேண்டும், நீதிபதி மட்டும் தீர்ப்பளிக்கக் கூடாது. சரிதானே என்று தோன்றும். ஆனால் தெற்கில் ஜூரி என்றால் வெள்ளையர்கள்தான். வாக்காளர் பட்டியலிலிருந்தே ஜூரியை எடுத்தார்கள், அந்தப் பட்டியலில் கறுப்பினத்தவர் இல்லை. பட்டியலில் சேர்க்காததற்காகப் போடும் வழக்கைப் பட்டியலில் இருப்பவர்களே விசாரிப்பார்கள்! ஐடஹோவின் இளம் செனட்டர் ஃபிராங்க் சர்ச், அணைக் கட்சிக்காரர், மத்திய நீதிமன்ற ஜூரிகளில் கறுப்பினத்தவரும் உட்காரலாம் என்று ஒரு இணைப்பைச் சேர்த்துத் திருத்தத்துக்கு மெருகு போட்டார். ஆகஸ்ட் 2, நள்ளிரவு தாண்டி, 51க்கு 42. செனட்டுக்குத் தலைமை தாங்கிய நிக்சன் இதை வாக்குரிமைக்கு எதிரான வாக்கு என்று கடிந்துகொண்டார். ஆமாம், அதே நிக்சன்தான்.

இலினாய் செனட்டர் பால் டக்ளஸ், மனசாட்சிக்காரர், மிஞ்சிய மசோதாவைப் பட்டினியால் செத்த காகத்தின் நிழலில் வைத்த சூப் என்றார். லிங்கன் சொன்னதாக வழங்கும் பழைய கேலி அது. சொல்லிவிட்டு அதற்கே வாக்களித்தார்.

அந்த அணை? பிரதிநிதிகள் சபையில் தேறவில்லை. அரசாங்க அணை கடைசிவரை வரவே இல்லை. தேங்காயும் போச்சு, பிள்ளையாரும் இல்லை.

இப்போது என் புகார். இந்த வாக்கு வேட்டையைச் சொல்லும்போது காரோவின் உரைநடையே ஜான்சனின் வேகத்தைத் தொற்றிக்கொள்கிறது. எண்ணிக்கை ஏற ஏற நமக்கும் மூச்சு வாங்குகிறது, 51 வந்ததும் கைதட்டத் தோன்றுகிறது. எதற்குக் கைதட்டுகிறோம் என்று நின்று யோசித்தால், ஒரு சட்டத்தின் பல்லைப் பிடுங்கியதற்கு. காரோ இதை மறைக்கவில்லை, அவ்வளவு நேர்மையில்லாதவர் அல்ல அவர். புத்தகத்தையே அலபாமாவின் பார்பர் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தில், வாக்காளராகப் பதிய முயன்று திருப்பி அனுப்பப்படும் ஒரு கறுப்பினப் பெண்ணிலிருந்துதான் தொடங்குகிறார். ஆனால் கதை செனட்டுக்குள் நுழைந்தபின் அவள் பந்தயப் பொருளாகிறாள். ஆட்டம் ஆடுகிறவர்கள் வேறு. சட்டம் நிறைவேறியதே வெற்றி, ஒருமுறை உடைத்தால் அடுத்தமுறை எளிது என்பது ஜான்சனின் வாதம். பெரும்பாலும் காரோவின் தீர்ப்பும் அதுவே. செனட்டை அளக்க அந்த அளவுகோல் போதும். பார்பர் கவுண்டியை அதை வைத்து அளக்க முடியாது.

அப்படியானால் அந்தச் சட்டத்தை எதிர்த்திருக்க வேண்டுமா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது, எனக்குப் பிடித்த இடமும் இதுதான். ஏனென்றால் தேங்காய்க்குச் சொந்தக்காரர்களே இதில் இரண்டாகப் பிரிந்தார்கள். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் வெள்ளை மாளிகைக்குத் தந்தி அடித்தார்: இந்த வடிவில் மசோதாவை எதிர்க்கிறேன், இத்தனை காலம் காத்திருந்தோம், அர்த்தமுள்ள சட்டத்துக்காக இன்னும் கொஞ்ச காலம் காத்திருப்போம் என்கிற பொருளில். என்.ஏ.ஏ.சி.பி.யின் ராய் வில்கின்ஸ் வேண்டா வெறுப்போடு ஏற்றுக்கொள்ளலாம் என்றார். சொந்த ஆட்களிடமே திட்டு வாங்கினார். மார்ட்டின் லூதர் கிங் நிக்சனுக்கு எழுதிய கடிதத்தில், இல்லாததற்கு இது மேல் என்றார், கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தார்: மக்கள் இயக்கம் தொடர்ந்து நடந்தால்தான் இந்தச் சட்டத்துக்குப் பலன்.

மூவரில் யாரையும் என்னால் முட்டாள் என்றோ விலைபோனவர் என்றோ சொல்ல முடியாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். வில்கின்ஸும் கிங்கும் ஏற்றுக்கொண்டது ஜான்சன் ஏற்றுக்கொண்டதும் ஒரே சட்டம்தான், ஒரே செயல் இல்லை. அரைவயிறு சாப்பாட்டைப் பசித்தவன் ஏற்பது வேறு, பந்தி மேற்பார்வை பார்ப்பவன் "அரைவயிறு போதும்பா இவனுக்கு" என்பது வேறு. அமெரிக்கப் பத்திரிகைகளில் 'நடைமுறைவாதம்' என்று போற்றப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆளின் குரல்.

சரி, காகத்தின் நிழல் சூப்பில் ஏதாவது சத்து இருந்ததா? இருந்தது. யாரும் சண்டை போடாத முதல் இரண்டு பகுதிகளில்.

மூன்றாம் பகுதியையும் ஜூரியையும் காவல் காத்த ரஸ்ஸலின் ஆட்கள், ஆணையத்தையும் நீதித்துறைப் பிரிவையும் பெரிய ஆபத்தாகக் கருதவில்லை. 1958 டிசம்பரில் அந்த ஆணையம் அலபாமாவின் மாண்ட்கமரியில் விசாரணைக்கு உட்கார்ந்தது. வாக்காளர் பதிவேடுகளைக் கொடு என்று கேட்டது. கொடுக்க மாட்டேன் என்று நின்றார் ஒரு உள்ளூர் நீதிபதி. பெயர் ஜார்ஜ் வாலஸ். அவர் பிடித்துவைத்த பதிவேடுகள் பார்பர், புல்லக் கவுண்டிகளுடையவை. காரோ புத்தகத்தைத் தொடங்கிய அதே பார்பர்! மத்திய நீதிபதி ஃபிராங்க் ஜான்சன், வாலஸின் சட்டக்கல்லூரி வகுப்புத்தோழர், ஐசனோவர் நியமித்த குடியரசுக் கட்சிக்காரர், பதிவேடுகளைக் கொடுக்க உத்தரவிட்டார். வாலஸ் வெளியே வீரம் பேசிக்கொண்டே கிராண்ட் ஜூரி வழியாகப் பதிவேடுகள் போய்ச் சேர வழிவிட்டார்.

நீதித்துறைப் பிரிவுக்கு 1960இல் ஒரு வழக்கறிஞர் வந்தார். ஜான் டோர். விஸ்கான்சின்காரர், குடியரசுக் கட்சி. ஐசனோவர் ஆட்சி முடிகிற நேரத்தில் வேலைக்குச் சேர்ந்து, கென்னடியின் கீழும் ஜான்சனின் கீழும் 1967வரை இருந்தார். கவுண்டி கவுண்டியாகப் போய்ப் பதிவேடுகளைத் தோண்டினார். 1962இல் ஜேம்ஸ் மெரடித்தோடு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துக்கு நடந்தார். 1963இல் மெட்கர் எவர்ஸின் இறுதி ஊர்வலத்துக்குப் பின் ஜாக்சன் தெருவில் போலீசுக்கும் கொதித்த இளைஞர்களுக்கும் நடுவே தனி ஆளாகப் போய் நின்றார். கொள்கை கடந்து ஒருவரை ஆதரிப்பது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருகிற முகம் இவருடையது. இவரை வேலையில் வைத்துக்கொண்டதால் கென்னடிக்கு எந்த நஷ்டமும் இல்லை, கறுப்பின மக்களுக்கும் நஷ்டம் இல்லை.

இதற்கு நேர் எதிர் ஒன்றும் அதே சமயத்தில் நடந்தது. 1961இல் கென்னடி மிசிசிப்பியின் மத்திய நீதிபதியாக ஹெரால்ட் காக்ஸை நியமித்தார். ஈஸ்ட்லண்டின் கல்லூரிக்கால அறைத்தோழர். நீதிக்குழுத் தலைவரைத் திருப்திப்படுத்தாமல் எந்த நீதிபதி நியமனமும் நகராது, அதனால் செய்யப்பட்ட மரியாதை. பைடன் ஏக்கத்தோடு நினைவுகூர்ந்த அந்தச் சுமுகம் இப்படித்தான் இயங்கியது. வாஷிங்டனில் யாருக்கும் வலிக்கவில்லை. வலி மிசிசிப்பியில். வாக்குரிமை வழக்குகளோடு டோர் நிற்க வேண்டியிருந்தது இந்தக் காக்ஸ் முன்னால்தான். 1964இல் பதிவுக்கு வரிசையில் நின்ற கறுப்பினத்தவரை அவர் நீதிமன்றத்திலேயே குரங்கோடு ஒப்பிட்டுப் பேசினார். மிசிசிப்பியில் பதிவுசெய்த கறுப்பின வாக்காளர்கள் அந்தக் காலகட்டத்தில் 6.7 சதவீதம். 1957ஆம் ஆண்டுச் சட்டம் வந்து ஏழெட்டு வருஷம் கழித்து! 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1967இல் அது 59.8 சதவீதமானது. அரைவயிற்றுக்கும் முழுச் சாப்பாட்டுக்கும் உள்ள தூரம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. 'இல்லாததற்கு மேல்' என்று சொல்கிறவர்கள் அந்த இடைவெளியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1964க்கு வருவோம். இங்கேயும் கட்சி கடந்த சமரசம்தான். ஆனால் குணம் வேறு. ஒகையோவில் பிக்வா என்ற சிற்றூர்க்காரர் வில்லியம் மெக்கல்லக். பிரதிநிதிகள் சபையில் நீதிக்குழுவின் மூத்த குடியரசுக் கட்சி உறுப்பினர். அரசாங்கச் செலவு என்றாலே முகம் சுளிக்கும் பழமைவாதி. தொகுதியில் கறுப்பின வாக்காளர்கள் மிகச் சொற்பம், இந்த மசோதாவால் அவருக்கு ஒரு ஓட்டுகூடக் கூடப்போவதில்லை. 1963 கோடையில் கென்னடியின் நீதித்துறை அதிகாரி பர்க் மார்ஷல் ஒகையோவுக்கே போய் அவரைப் பார்த்தார். மெக்கல்லக் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். பெருமையில் குடியரசுக் கட்சிக்கும் பங்கு வேண்டும். பிரதிநிதிகள் சபையில் நாங்கள் நிறைவேற்றுவதைச் செனட்டில் பேரம் பேசி நீர்த்துப்போக விடக்கூடாது.

இந்த இரண்டாவது நிபந்தனை எங்கிருந்து வந்தது? 1957இலிருந்து. வலுவான மசோதாவுக்குத் தொகுதியில் பதில் சொல்லிவிட்டு, செனட்டில் அது வெட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம். ஜான்சனின் மாபெரும் சமரசத்திலிருந்து இந்த பிக்வாக்காரர் கற்ற பாடம், இனி அந்த மாதிரிச் சமரசத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது. சமரசத்தைச் சமரசத்தால் பூட்டிய மனிதர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1964 பிப்ரவரி 10இல் மசோதா பிரதிநிதிகள் சபையில் 290க்கு 130 என்று நிறைவேறியது. செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவர் எவரெட் டர்க்சன் இல்லாமல் பிலிபஸ்டரை உடைக்க முடியாது. டர்க்சனுக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள்: வேலைவாய்ப்பு, பொது இடப் புகார்களில், சட்டம் ஏற்கனவே இருக்கிற மாநிலங்களில் மாநில அமைப்புக்கு முதல் வாய்ப்பு, மத்திய அரசு தானே வழக்குப்போடப் பாகுபாடு தனிச்சம்பவமாக இல்லாமல் தொடர்ந்த வழக்கமாக இருக்க வேண்டும். இதுவும் விட்டுக்கொடுத்தல்தான். ஆனால் அப்படிச் சட்டம் வைத்திருந்த மாநிலங்கள் பெரும்பாலும் வடக்கில்தான். மிசிசிப்பிக்காரர் இழந்தது குறைவு. ஜூன் 10, 71க்கு 29. ஆதரித்த 71இல் 27 பேர் குடியரசுக் கட்சியினர். மூளைக் கட்டியால் பேச்சிழந்த கலிஃபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். அவர் தன் கண்ணைத் தொட்டுக்காட்டி 'ஆம்' என்றார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் ஆமோதிக்கும் சொல்லுக்கும் ஒரே உச்சரிப்பு. ஜான்சன் இப்போது அதிபர். வெட்டவேண்டாம் என்று உறுதியாக நின்றார், அதற்கான பெருமையை அவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் 2022. அந்த வருஷம் இந்தக் கேள்வி செனட்டர்களை விட்டு இறங்கி, சாதாரண வாக்காளரின் கைக்கு வந்தது. வயோமிங்கில் லிஸ் செய்னி. கருக்கலைப்பு, வரி, ராணுவம் என எதை எடுத்தாலும் இடதுசாரிகளுக்கு ஒத்துவராதவர். 2021இல் ட்ரம்ப் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கு வாக்களித்த 10 குடியரசுக் கட்சியினரில் ஒருவர். கட்சிப் பொறுப்பு போனது. அவரைக் காப்பாற்ற ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் பலர் தங்கள் கட்சிப் பதிவையே மாற்றிக்கொண்டு குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வாக்களித்தார்கள். போதவில்லை. செய்னிக்கு 30 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் கடைசிநேர மாற்றத்தை மாநிலம் அடுத்த வருஷமே சட்டம் போட்டுத் தடுத்தது. செய்னியின் கொள்கை எனக்கு ஒவ்வாது, ஈராக் போர் விஷயத்தில் அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு மரியாதையும் கிடையாது. ஆனால் அந்தத் தேங்காய் அவர் வீட்டுத் தோப்பில் பறித்தது. பதவி நீக்கத்துக்கு ஆதரவு என்ற ஒரு விஷயத்தில் அவருக்கு வாக்களித்த வயோமிங் ஜனநாயகக் கட்சிக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது மிச்சிகனில் நடந்ததை. அந்தப் பத்துப் பேரில் இன்னொருவர் பீட்டர் மெயர், கிராண்ட் ராப்பிட்ஸ் பகுதி உறுப்பினர். அவருக்கு எதிராக உட்கட்சித் தேர்தலில் நின்றவர் ட்ரம்ப் ஆதரவு பெற்ற ஜான் கிப்ஸ். 2020 தேர்தல் முடிவையே ஏற்காத ஆள். ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் குழு நாலு லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, கிப்ஸைத் தாக்குவது போலவே அவரை ட்ரம்ப்பின் ஆளாக அடையாளம் காட்டும் விளம்பரம் போட்டது. குடியரசுக் கட்சி வாக்காளருக்கு அது சிபாரிசுக் கடிதம். மெயர் தோற்றார். நவம்பரில் கிப்ஸைத் தோற்கடித்து ஜனநாயகக் கட்சியின் ஹிலரி ஷோல்டன் வென்றார், 2024இலும் வென்றார். கணக்கு சரியாக வந்தது என்று அந்தக் குழுவின் ஆட்கள் சொல்லலாம், எண்ணிக்கைப்படி அது உண்மைதான். 1957 ஆகஸ்டில் ஜான்சனின் எண்ணிக்கையும் சரியாகத்தான் வந்தது. ஜனநாயகம் ஆபத்தில் இருக்கிறது, கட்சி பார்க்காமல் சேர்ந்து நில்லுங்கள் என்று மேடை மேடையாகக் கேட்ட கட்சி, அப்படி நின்ற ஒருவரின் சீட்டைக் காசு கொடுத்துக் கிழித்தது. 2024 அக்டோபரில், குடியரசுக் கட்சி பிறந்த ஊரான விஸ்கான்சினின் ரிப்பனில், செய்னியை அருகில் நிறுத்திக்கொண்டு ஹாரிஸ் அதே வேண்டுகோளை வைத்தபோது, மிச்சிகனின் ஒரு குடியரசுக் கட்சி வாக்காளர் அதை எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

காரோவின் ஐந்தாம் தொகுதி இன்னும் வரவில்லை. மெக்கல்லக் 1971இல் ஓய்வை அறிவித்தபோது ஜாக்குலின் கென்னடி, அப்போது ஓனாசிஸ், அவருக்குக் கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் ஒன்று இருக்கிறது. அவரைப் பற்றி விரிவாக வாசிக்க டாட் பர்டம் 2014இல் எழுதிய, 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரலாற்று நூலுக்குத்தான் போகவேண்டும். ஆயிரம் பக்கம் இல்லை, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.